மவுத் ஆர்கனில் சுரத்தை வளைப்பது: 4-ஆம் துளையிலிருந்து மாயாமாளவகௌளை வரை

நாகர்கோவில் கடைகளில் வெறுமனே 'மவுத் ஆர்கன்' என்று கேட்டால் பெரும்பாலும் இரட்டை வரிசைத் துளை உள்ள ட்ரெமோலோவைத்தான் எடுத்துத் தருவார்கள். கொயர் பாட்டுகளுக்கு அருமையான சத்தம். ஆனால் பெண்டுக்கு, அதாவது வாசிக்கும்போதே சுரத்தை வளைத்துக் கீழே இறக்குவதற்கு, உதவாது. ஊதும் ரீடும் (சத்தம் எழுப்பும் மெல்லிய உலோகத் தகடு) இழுக்கும் ரீடும் ஒரே துளைக்குள் இருந்தால்தான் சுரம் வளையும். ட்ரெமோலோவில் ஒவ்வொரு ரீடுக்கும் தனி அறை. 10 துளை டயடோனிக், C, அதாவது 1 கட்டை என்று கேட்டு வாங்குங்கள். நான் பரிந்துரைப்பது ஹோனர் கம்பெனியின் ஸ்பெஷல் 20 மாடல். அதன் நடுக்கட்டை பிளாஸ்டிக்; முட்டம், குளச்சல் பக்கத்து ஈரக்காற்றில் மரக்கட்டை உப்பிக்கொள்ளும்.

ஒற்றைத் துளையைச் சுத்தமாக வாசிக்க வந்துவிட்டதா? இனி 4-ஆம் துளை.

மெதுவாக இழுங்கள். D கேட்கும். வாய்க்குள் 'ஈ' சொல்வதுபோல் நாக்கு முன்னால் இருக்கட்டும். இழுப்பை நிறுத்தாமல் நாக்கை மட்டும் 'ஊ'வுக்குக் கொண்டுபோங்கள். உதடு குவியக் கூடாது, காற்றும் கசியக் கூடாது. நாக்கின் பின்பகுதி எழும்பி அண்ணத்தை நெருங்கும், தாடை கொஞ்சம் இறங்கும். சுருதியும் இறங்கும்.

எனக்கு அதிக நாள் பிடித்தது இந்த இடம்தான். சுரம் இறங்காவிட்டால் எல்லோரும் பலமாக உறிஞ்சுவார்கள். அதில் சத்தம் அடைக்கும், ரீடும் கெடும். ஆர்கனைக் கீழே வைத்துவிட்டு, மூச்சை உள்ளே இழுத்தபடியே விசிலடித்து, மேலிருந்து கீழே இறக்கிப் பாருங்கள். அப்போது நாக்கு போகும் வழிதான் பெண்ட். அதே அசைவோடு திரும்ப ஆர்கனை எடுங்கள். போனில் ட்யூனர் ஆப் ஓடட்டும்; முள் D-க்கு அரைச்சுரம் கீழே, C ஷார்ப்பில் நிற்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் காற்றில் வெளியே உட்கார்ந்து பழகினால் இந்த நுணுக்கம் காதில் விழாது, அறைக்குள் பழகுங்கள்.

அடுத்து 6-ஆம் துளை. A-யிலிருந்து A ஃப்ளாட். இங்கே நாக்கு முன்னாலேயே, சின்ன அசைவு போதும்.

இந்த இரண்டும் வந்ததும் நம் ஊர்க்காரருக்குப் பெரிய லாபம் ஒன்று உண்டு. C-யை சட்ஜமாக வைத்து 4 முதல் 7 வரை வாசித்தால் சங்கராபரண ராகம். 4, 6 இழுப்புகளை வளைத்தால் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் வந்து அதுவே மாயாமாளவகௌளை ராகம். கர்நாடக சங்கீதத்தில் இந்த ராகத்தில் கற்கும் முதல் பாடமான சரளி வரிசையையே பெண்ட் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். எந்த ஆங்கிலப் பாடத்தையும்விட இது காதைச் சீக்கிரம் தீட்டும்.

3-ஆம் துளை மூன்று அரைச்சுரம் இறங்கும். அவசரம் வேண்டாம், அது கடைசியில். 5-இலும் 7-இலும் முழு அரைச்சுரம் இறங்காது; அங்கே மல்லுக்கட்டாதீர்கள். 8, 9, 10 வளைவது ஊதும்போது.

பின்சேர்க்கை: 2-ஆம் துளையை இழுத்தால் சத்தமே இல்லை, ரீடு போய்விட்டதா என்று பலரும் கேட்கிறீர்கள். புது ஆர்கனில் அநேகமாக ரீடு நன்றாகவே இருக்கும். நாக்கு தெரியாமலே பாதி பெண்டில் நிற்கிறது. கொட்டாவி விடுவதுபோல் தொண்டையைத் திறந்து, வயிற்றிலிருந்து மெல்ல மூச்சிழுங்கள். G தானாக வரும்.