16 ஓம் திருகில் மாட்டாதீர்கள்: சின்ன வால்வ் ஆம்பும் எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கரும்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, ட்ரெபிள் பானல் போயிடுச்சுன்னு நினைக்கிறேன். கழட்டிப் பாக்கட்டுமா?" ஸ்பீக்கரில் உச்ச ஸ்தாயி ஒலியைத் தரும் பகுதிதான் ட்ரெபிள் பானல். எனக்குப் பகீரென்றது. எதையும் தொடாதே, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். இதே சந்தேகத்தில் இதே ரகப் பானலை நானும் ஒருமுறை கழற்றியிருக்கிறேன். அதனால்தான் இந்த ஸ்பீக்கரோடு வால்வ் ஆம்பைச் சேர்க்கும்போது செய்யும் தவறுகளை எழுதுகிறேன். ப்ளஸ், மைனஸ் மாற்றி மாட்டுவது, ஸ்பீக்கர் இல்லாமல் வால்வ் ஆம்பை ஓட்டுவது போன்றவை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

ஒற்றை ஓம் எண்ணை நம்புவது

தம்பியிடம் இருந்தது குவாட் கம்பெனியின் பழைய எலக்ட்ரோஸ்டேடிக். இங்கிலாந்தில் ஹண்டிங்டனில் பீட்டர் வாக்கர் உருவாக்கி 1957-இல் விற்பனைக்கு வந்த ஸ்பீக்கர். ஆம்ப், ஒரு பக்கத்துக்கு 300பி பவர் வால்வ் ஒன்றே ஒன்று போட்ட 8 வாட் ரகம். ஃபீட்பேக், அதாவது வெளியே வரும் சிக்னலில் ஒரு பங்கை உள்ளே திருப்பிவிட்டுத் திருத்துவது, கிடையாது. ஸ்பீக்கருக்கு 15 ஓம் என்று எங்கோ படித்திருக்கிறார். ஆம்பின் முதுகில் ஸ்பீக்கர் ஒயர் மாட்ட 4, 8, 16 என்று மூன்று திருகுகள். 15-க்குப் பக்கத்தில் இருப்பது 16. அதில் மாட்டிவிட்டார். நானும் அன்று அப்படித்தான் மாட்டினேன்.

அந்த 15 முழு உண்மை இல்லை. ஓட்டை போட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம், அவ்வளவுதான் இந்த ஸ்பீக்கர். ஆம்பின் கண்ணுக்கு அது ஒரு கபாசிட்டர். அதிர்வெண் ஏற ஏற அதன் இம்பீடன்ஸ், அதாவது ஓமில் அளக்கும் எதிர்ப்பு, இறங்கும். கீழே 30 ஓம் வரை இருக்கும், நடுவில் 15 பக்கம், 18,000 ஹெர்ட்ஸ் அருகே 2 ஓமுக்கு விழுந்துவிடும்.

இப்போது ஆம்பைப் பாருங்கள். ஃபீட்பேக் இல்லாத இந்த ரக ஆம்பின் உள் எதிர்ப்பு 8 ஓம் திருகில் 3 ஓம் அளவில் இருக்கும். 16-இல் அது 6 ஆகும், 4-இல் ஒன்றரை. ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய வோல்டேஜில் ஒரு பங்கை இந்த உள் எதிர்ப்பு தின்றுவிடுகிறது. 16 ஓம் திருகில் நடு ஸ்தாயிக்கு ஏழு பங்கில் ஐந்து போய்ச் சேரும், உச்சிக்கு நாலில் ஒன்றுதான். எளிய கணக்கில் நடு ஸ்தாயியை விட உச்சிக்கு 9 டெசிபெல் இழப்பு. அதே ஒயரை 4 ஓம் திருகுக்கு மாற்றினால் இழப்பு 4 டெசிபெல்.

இது தெரியாமல் தம்பி இரண்டு வருடம் செலவு செய்திருக்கிறார். பழைய ஸ்டாக் வால்வ் இரண்டு ஜோடி, வெள்ளி ஒயர், அப்புறம் ப்ரீ ஆம்ப். ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார், திருகைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதில்தான். என் காலத்தில் எனக்கு யோசனை சொன்னவர், பானல் செத்துவிட்டது, பிரித்துவிடு என்றார். பிரித்தேன். ஸ்க்ரூடிரைவர் நுனி படலத்தில் பட்டது. முடி விழுந்தது போல ஒரு கோடு, நகத்தின் நீளம் கூட இல்லை. நல்ல பானல், அத்தோடு போயிற்று. மாற்று பானல் வந்து சேர எட்டு மாதம் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பை அணைத்து, ஒயரை 16-இலிருந்து 4-க்கு மாற்றினேன். ஒரு தனி ஆவர்த்தனம் ஓடியது. அதுவரை மந்தமாகத் தட்டிக்கொண்டிருந்த கஞ்சிராவில் சலங்கை தனியாகக் கேட்டது, அடி முடிந்த பிறகும் ஒரு கணம் நடுங்கிக்கொண்டிருந்தது. தம்பி எதுவும் பேசவில்லை, எழுந்து ஸ்பீக்கர் பக்கத்தில் போய் நின்றார்.

விலை இல்லாமல் இல்லை. 16-இலிருந்து 4-க்கு வந்தால் ஆம்ப் தரும் வோல்டேஜ் பாதியாகும், உள் எதிர்ப்பு தின்பதும் குறைவதால் நடு ஸ்தாயியில் 4 டெசிபெல் அளவுக்குச் சத்தம் குறையும். சின்ன அறையில், பக்கத்தில் உட்கார்ந்து கச்சேரி கேட்பவருக்கு அது போதும். பெரிய ஹால் என்றால் 8 வாட் ஆம்ப் இந்த ஸ்பீக்கருக்கு வேண்டாம்.

"வாட் போதவில்லை" என்று பெரிய ஆம்ப் வாங்குவது

இதில் பானலே எரியும். இந்தப் பழைய குவாட் தாங்குவது 33 வோல்ட் உச்சம். குவாட்டின் சொந்த வால்வ் ஆம்ப், 1953-இல் வந்த குவாட் 2, கே.டி. 66 வால்வ் ஜோடியோடு 15 வாட்தான் தரும். 15 ஓமில் அது 21 வோல்ட் உச்சம், ஸ்பீக்கரை மீறவே முடியாது. 8 ஓமுக்கு 100 வாட் தரும் டிரான்சிஸ்டர் ஆம்ப் 40 வோல்ட் உச்சத்தைத் தொடும். ட்ரெபிள் பானலில் பொறி பறந்தால் படலம் ஓட்டையாகும்.

ஃபீட்பேக்கைக் கூட்டிச் சரிசெய்வது

உள் எதிர்ப்பு குறையும், உண்மைதான். ஆனால் கபாசிட்டர் போன்ற லோடில் ஃபீட்பேக் அதிகமானால் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஆம்ப் தானாகவே ஆடத் தொடங்கும். அறையில் நிசப்தமாக இருக்கும், வால்வுக்குள் இருக்கும் உலோகத் தகடு மட்டும் சிவக்கும். 8 ஓம் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 2 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் போட்டு, சதுர அலை கொடுத்து, அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். அங்கே ஆட்டம் அடங்காத ஆம்பை ஸ்பீக்கரில் மாட்டாதீர்கள்.

சுவரோடு ஒட்டி வைப்பது

பின்பக்கமும் அதே சத்தம் வருகிறது. மூன்றடியாவது விடுங்கள்.

ப்ளக் போட்டவுடன் தீர்ப்பு சொல்வது

இந்த ஸ்பீக்கருக்குத் தனியாகக் கரண்ட் ப்ளக் உண்டு, படலம் சார்ஜ் ஏற நேரம் எடுக்கும். மறுநாள் கேளுங்கள்.

முதுகைத் திறப்பது

உள்ளே பேஸ் பானலுக்கு 6,000 வோல்ட், ட்ரெபிளுக்கு 1,500. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் நிற்கும். அப்படியும் பானல்மேல் சந்தேகம் இருந்தால் ஒரு வழி சொல்கிறேன்: இடது ஒயரை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிக் கேளுங்கள். மந்தம் ஒயரோடு இடம் மாறினால் ஆம்பைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மந்தம் என்றால் ஆம்பின் முதுகில் எந்தத் திருகில் ஒயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஸ்பீக்கரில் நின்றுவிட்டால், அப்போதுதான் அதைப் பிரித்துப் பழகிய ஆளைக் கூப்பிட வேண்டும்.