புது டேட்டா வந்ததும் பின்னணி வேலை: போஸ்ட்கிரெஸில் சறுக்கும் இடங்கள்

ஆர்டர் டேபிளில் புது ரோ விழுந்ததும் வாடிக்கையாளருக்கு மெயில் போக வேண்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் உடனே கை போவது ட்ரிகர் (டேபிள் மாறும்போது தானாக ஓடும் கோட்) பக்கம்தான். ட்ரிகருக்குள்ளிருந்தே மெயில் சர்வரைக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ட்ரிகர் ஓடுவது அதே டிரான்சாக்‌ஷனுக்குள். டிரான்சாக்‌ஷன் என்பது கமிட் ஆனால் முழுதாக நிலைக்கும், ரோல்பேக் ஆனால் முழுதாக ரத்தாகும் வேலைத் தொகுப்பு. மெயில் சர்வர் 10 நொடி இழுத்தால் இன்செர்ட்டும் 10 நொடி தொங்கும். அதைவிட மோசம், மெயில் போன பிறகு ரோல்பேக் ஆனால், இல்லாத ஆர்டருக்கு நன்றி சொல்லியிருப்பீர்கள். செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலாக ஒரு ஜாப் டேபிள் வைத்து, ட்ரிகர் அதில் ஒரு ரோ போட்டால் போதும். ஆர்டர் கமிட் ஆனால் அதுவும் ஆகும். இல்லையென்றால் இரண்டுமே இருக்காது.

சரி, அந்த வேலைகளை எடுத்துச் செய்யும் பின்னணி புரோகிராமான ஒர்க்கருக்கு எப்படித் தெரியும்? போஸ்ட்கிரெஸின் நோட்டிஃபை (NOTIFY) கட்டளையால் செய்தி அனுப்பலாம், ஆனால் அது வெறும் காலிங் பெல். அந்த நேரத்தில் யாரும் லிசன் (LISTEN) கட்டளை கொடுத்துக் காத்திருக்கவில்லை என்றால் செய்தி போனது போனதுதான். 8000 பைட்டுக்குள்தான் அடங்கவும் வேண்டும். அதனால் ஒர்க்கர் எழுந்ததும் ஒருமுறை, அப்புறம் நிமிடத்துக்கு ஒருமுறை, ஜாப் டேபிளையே பார்க்கட்டும். நடுவில் பிஜிபவுன்சர் (டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களைப் பகிர்ந்து தரும் கருவி) டிரான்சாக்‌ஷன் மோடில் இருந்தால் லிசன் வேலை செய்யாது. அதற்கு நேரடி கனெக்‌ஷன் தனியாக வேண்டும்.

கண்டுபிடிக்கவே கஷ்டமான தவறு, 'கடைசியாகப் பார்த்த ஐடிக்கு மேல் உள்ளதை எடு' என்பது. ஐடி கிடைப்பது இன்செர்ட்டின்போது, ரோ கண்ணில் படுவது கமிட்டுக்குப் பிறகு. 101 இன்னும் கமிட் ஆகாமல் இருக்கும்போது 102 முந்திக்கொண்டால், ஒர்க்கர் 102-ஐக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடும். பிறகு வரும் 101-ஐ யாரும் சீண்ட மாட்டார்கள். எர்ரர் லாகிலும் ஒன்றும் இருக்காது. ஐடியை நம்பாமல், ஒவ்வொரு ஜாபுக்கும் நிலையைக் குறிக்கும் ஸ்டேட்டஸ் நெடுவரிசை (column) வையுங்கள்.

பல ஒர்க்கர்கள் ஓடினால் ஒரே ஜாபை இருவர் எடுக்காமலிருக்க 'ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்ட்' (எடுக்கும் ரோவை லாக் செய்து, பிறர் லாக் செய்ததைத் தாண்டிப் போகும் வசதி) இருக்கிறது, 9.5 பதிப்பிலிருந்தே. ஆனால் அந்த லாக்கைப் பிடித்தபடியே அரை மணி நேர ரிப்போர்ட் தயாரிக்காதீர்கள். டிரான்சாக்‌ஷன் நீண்டால் செத்த ரோக்களை (மாற்றிய, நீக்கிய ரோக்களின் பழைய பிரதிகளை) வேக்குவம் என்ற துப்புரவு வேலை அப்புறப்படுத்த முடியாமல் டேபிள் ஊதிப்போகும். 'எடுத்தாயிற்று' என்று நேரத்தோடு குறித்து, கமிட் செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒர்க்கர் நடுவில் விழுந்தால், கெடு தாண்டிய ஜாபை வேறொன்று எடுத்துக்கொள்ளும். அப்படியென்றால் ஒரே ஜாப் இரண்டுமுறை ஓட வாய்ப்புண்டு. மெயில் என்றால் பரவாயில்லை. கார்டில் பணம் எடுக்கும் வேலை என்றால், ஜாப் ஐடியையே இடெம்பொடென்சி கீயாக (அதே கோரிக்கை மறுபடி வந்தால் மீண்டும் பணம் எடுக்காமலிருக்க உதவும் அடையாளம்) பேமென்ட் கேட்வேக்கு அனுப்பிவிடுங்கள்.