கடினத் தண்ணீருக்கு ஜியோலைட்: உப்புதான் மருந்து

காட்பாடியில் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் ஒட்டும். இதுதான் கடினத் தண்ணீர். இதை மென்மையாக்க வாங்கும் சாஃப்ட்னர் தொட்டிக்குள் இருப்பது ஜியோலைட் மணல், அல்லது அதே வேலையைச் செய்யும் ரெசின் எனும் செயற்கை மணிகள்.

ஜியோலைட் நுண்துளைகள் நிறைந்த கனிமம். 1756இல் சுவீடனின் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் அதைச் சூடாக்கியபோது நீராவி பொங்கியதால் 'கொதிக்கும் கல்' என்ற பொருளில் இப்பெயரை வைத்தார். பெட்ரோல் சுத்திகரிப்பிலும் சலவைத்தூளிலும்கூட இது உண்டு. தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு தன்னிடமுள்ள சோடியத்தை விடுவிக்கும். சோடியம் தீர்ந்ததும் வேலை நின்றுவிடும். பலர் இந்தக் கட்டத்தில் தொட்டி கெட்டுவிட்டதாக நினைத்து மாற்றிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள்! சோடியம் நிறைந்த அடர்த்தியான உப்புக் கரைசலை உள்ளே விட்டு, ஊறவைத்து, நல்ல தண்ணீரால் அலசினால் போதும், பழைய சக்தி திரும்பும். அயோடின் சேராத கல் உப்பு நல்லது.

எப்போது உப்பு போடுவது? தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை நம்ப வேண்டாம், கால்சியம், மக்னீசியத்தின் இடத்துக்குச் சோடியம் வந்துவிடுவதால் அளவு குறைந்து காட்டாது. பாட்டிலில் சாஃப்ட்னர் தண்ணீரைப் பிடித்து, குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரைக்காமல் திரிதிரியாகத் திரண்டால் நேரம் வந்துவிட்டது.

அப்புறம், படிவம் போக ஆசிட் மட்டும் ஊற்றாதீர்கள். ஜியோலைட்டின் கட்டமைப்பே சிதையும். உப்பு அலசிய தண்ணீரைச் செடிகளுக்கும் விடவேண்டாம்.