பின்னல் குறிப்பைப் படித்துப் பச்சிளங்குழந்தைக்குக் குல்லாய் பின்னும் முறை

உல்லன் நூலில் பின்னும் ஆடைக்கான குறிப்பு எதைக் கையில் எடுத்தாலும், 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணிகள் (ஊசியில் விழும் நூல் வளையங்கள்), 10 செ.மீ. உயரத்தில் எத்தனை வரிசைகள் வர வேண்டும் என்று சொல்லும் அளவு வரியை முதலில் தேடிப் படிக்க வேண்டும். குறிப்பிலுள்ள மற்ற எண்களெல்லாம் இந்த ஒரு வரியை நம்பியே எழுதப்பட்டவை. நடுத்தரப் பருமனுள்ள டி.கே. (டபுள் நிட்டிங்) நூலுக்கு 4 மி.மீ. ஊசியில் 22 கண்ணிகள், 28 வரிசைகள் என்பது வழக்கமான அளவு; ஆனால் குறிப்பை எழுதியவரின் கை இறுக்கமே நம் கைக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே ஊசியில் 32 கண்ணிகள் ஏற்றி, ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), மறு வரிசை பர்ல் (மறுபுறப் பின்னல்) என்று மாறி மாறி 15 செ.மீ. உயரத்துக்கு ஒரு மாதிரித் துண்டைப் பின்னிக்கொள்ள வேண்டும். அதை அலசி, கொடியில் தொங்கவிடாமல் தட்டையாகப் பரப்பி உலர்த்திய பிறகு, ஓரங்கள் சுருளும் என்பதால் நடுவில் 10 செ.மீ. குறித்து, அதற்குள் விழும் கண்ணிகளை எண்ண வேண்டும். 22க்குப் பதில் 20 வந்தால் கை தளர்வு என்று பொருள்; 3.5 மி.மீ. ஊசியில் மறுபடி பின்னிப் பார்க்கலாம். 24 வந்தால் 4.5 மி.மீ. ஊசி எடுக்கலாம். இந்த வேலை பலருக்குச் சலிப்பைத் தருகிறது. முழு ஸ்வெட்டரைப் பிரித்து நூலை மறுபடி சுற்றுவது அதைவிடச் சலிப்பானது.

ஊசியின் எண்ணிலும் கவனம் தேவை. பழைய பிரிட்டன் முறையில் 8ஆம் எண் ஊசி 4 மி.மீ.; எண் கூடக்கூட ஊசி மெலியும். அமெரிக்க முறையில் அதே 8ஆம் எண் 5 மி.மீ.; அங்கே எண் கூடினால் ஊசி தடிக்கும். எண்ணை விட்டு மில்லிமீட்டரை மட்டும் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

குறிப்புகளில் 'கே' (k) என்றால் நிட், 'பி' (p) என்றால் பர்ல், 'கே2டாக்' (k2tog) என்றால் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக நிட் செய்வது. இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் இருப்பதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 58 (66, 74) என்பது போல அடைப்புக்குறிக்குள் வரும் எண்கள் அடுத்தடுத்த பெரிய அளவுகளுக்கு உரியவை. தொடங்குமுன்பே நமக்குரிய எண்ணைக் குறிப்பு முழுவதும் பென்சிலால் வட்டமிட்டுவிடுவது நல்லது.

இனிக் குல்லாய். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 35 செ.மீ.; பின்னல் இழுபடும் என்பதால் குல்லாய் அதைவிட இரண்டு செ.மீ. அளவுக்குக் குறைவாக இருந்தால்தான் பிடித்து நிற்கும். 72 கண்ணிகளும், இரு ஓரங்களையும் இணைத்துத் தைக்க 2 கண்ணிகளுமாக 74 ஏற்றினால், 22 கண்ணி அளவில் சுற்றளவு 32.7 செ.மீ. வரும். அதே 74ஐ 20 கண்ணி அளவில் பின்னினால் 36 செ.மீ. ஆகிக் குல்லாய் கண்ணை மறைக்கும்.

முதல் 3 செ.மீ. ஒரு கண்ணி நிட், அடுத்த கண்ணி பர்ல் என்று பின்னினால் விளிம்பு சுருளாது. அதன்பின் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என மொத்த உயரம் 10 செ.மீ. ஆகும்வரை தொடர்ந்து, பர்ல் வரிசையில் நிறுத்த வேண்டும். உச்சிக்கு, ஒரு நிட் செய்து, *7 நிட், கே2டாக்* என்பதை எட்டுத் தடவை செய்து, கடைசிக் கண்ணியை நிட் செய்தால் 66 மிஞ்சும். அடுத்தது முழுப் பர்ல் வரிசை. பிறகு வரும் ஒவ்வொரு நிட் வரிசையிலும் நடுவில் உள்ள 7 என்பது 6, 5, 4 என்று ஒவ்வொன்றாகக் குறைந்து 1 வரை வர, கண்ணிகள் 58, 50, 42, 34, 26, 18 என்று இறங்கும். வரிசை முடிந்ததும் எண்ணிப் பார்த்தால், விட்டுப்போன குறைப்பு உடனே தெரிந்துவிடும். 18 ஆனதும் ஒரு பர்ல் வரிசை பின்னி, அடுத்த வரிசை முழுவதும் இரண்டிரண்டாகச் சேர்த்து 9 ஆக்கி, 40 செ.மீ. விட்டு நூலை வெட்டி, முனை மழுங்கிய ஊசியில் கோத்து, ஒன்பது கண்ணிகளுக்குள்ளும் செலுத்தி இறுக்க வேண்டும். அதே நூலால் உச்சியிலிருந்து விளிம்புவரை தைத்து, மிச்சத்தை உட்புறம் சில கண்ணிகளுக்குள் மறைத்துவிடலாம்.

50 கிராம் உருண்டை ஒன்றே இதற்குப் போதும். மென்மையான, துவைக்கத் தாங்கும் அக்ரிலிக் அல்லது பருத்தி நூலே குழந்தைக்கு ஏற்றது. ரோமம் உதிரும் மொஹேர் வேண்டாம், நாடாவும் குஞ்சமும் வைக்கவே கூடாது.