சாரல் ஊர்ல சில்க்கி கோழி: வாங்குறதுல இருந்து குஞ்சு பொரிக்கிற வரைக்கும்

எங்க செங்கோட்டை, புளியரை பக்கம் ஜூன் மாசம் பொறந்துட்டா துவைச்ச துணி காய மூணு நாளாகும். அப்படிப்பட்ட ஊர்ல இருந்துக்கிட்டு நான், இறகுக்குப் பதிலா பஞ்சு மாதிரி முடி வெச்ச சில்க்கி கோழி வளர்க்கிறேன். மொத ஜோடிய புனலூர் பக்கம் ஒரு சேட்டன்கிட்ட வாங்கி அட்டைப்பெட்டில வெச்சு கொண்டு வந்தேன். ஆச்சி கண்ணாடிய மாட்டிக்கிட்டு எட்டிப் பாத்துட்டு "ஏல, இது கோழியா பூனைக்குட்டியால"ன்னு கேட்டா. ஆச்சிய குத்தம் சொல்ல முடியாது, 13ஆம் நூற்றாண்டுலயே சீனாப் பக்கம் பூனை மாதிரி முடி வெச்ச கருப்புக் கோழி இருக்குன்னு மார்க்கோ போலோ எழுதி வெச்சிருக்கார்.

வாங்கப் போனா மொதல்ல கால் விரல எண்ணுங்க. சாதாரண கோழிக்கு நாலு, சில்க்கிக்கு அஞ்சு. அப்புறம் றெக்கைய விலக்கிப் பாருங்க, தோல் கருநீலமா இருக்கணும், எலும்பு வரைக்கும் கருப்புதான், நம்ம கடக்நாத் மாதிரி. கொண்டை நாவப்பழ நிறத்துல, காது மடல் மயில்நீலத்துல இருந்தா நல்லது. கால்லயும் முடி இருக்கும். "ஒரிஜினல் அண்ணாச்சி"ன்னு சொல்லி நாலு விரல் உள்ளத என் தலைல ஒருத்தர் கட்டினார், அதுக்கு வால்ல விறைப்பா ரெண்டு இறகு வேற. கலப்பு கோழி தப்பில்ல, ஆனா சில்க்கி விலை குடுத்து வாங்காதீங்க.

இந்தக் கோழியோட இறகு ஏன் பஞ்சு மாதிரி இருக்குன்னா, மத்த கோழி இறகுல இழையோட இழைய மாட்டி வைக்கிற குட்டி குட்டி கொக்கி இருக்கும்ல, அது இதுக்கு சரியா கிடையாது. அதனால பறக்காது. அதவிட முக்கியம், தண்ணி வழுக்கி ஓடாது, நேரா தோலுக்கு எறங்கிடும். நாட்டுக்கோழி சாரல்ல நனைஞ்சா ஒரு உதறு உதறிட்டு போயிடும், சில்க்கி நனைஞ்சா நனைஞ்ச துண்டு மாதிரி மூலைல உக்காந்து நடுங்கும், அப்படியே விட்டா மறுநாள் மூக்கு ஒழுகும், அதுக்கு மறுநாள் தீனி எடுக்காது. நனைஞ்சத பாத்தா உடனே துண்டால ஒத்தி எடுத்து குண்டு பல்பு வெளிச்சத்துல காய வைங்க, வீட்ல ஹேர் டிரையர் இருந்தா அது இன்னும் நல்லது, எங்க வீட்டு டிரையர் இப்ப கோழிக்குன்னே ஆகிப்போச்சு, அதுக்கு வாங்குன பேச்சு தனிக்கதை.

கூண்டு தரையில இருந்து ரெண்டு அடி உசரத்துல இருந்தா ஓதம் ஏறாது. பறக்காதுங்கறதால ஏறி எறங்க ஒரு சரிவுப் பலகை போட்டுடுங்க. எங்களுக்கு காத்தும் சாரலும் ஆரியங்காவு கணவாய் வழியா மேக்க இருந்துதான் வரும், அதனால மேக்குப் பக்கம் முழுக்க அடைச்சுட்டேன், மத்த பக்கம் தார்ப்பாய் சுருட்டி விடுற மாதிரி. ஆனா நாலு பக்கமும் இறுக்கி மூடிடாதீங்க, மேல ஒரு சாண் காத்து போக விடணும், இல்லன்னா எச்சத்தோட நெடி கண்ணக் கட்டும். கீழ உமி நாலு விரல் கனத்துக்கு போட்டு தினமும் கிளறி விடணும். கைல அள்ளி பிடிச்சுப் பாருங்க, உருண்டையா நின்னா ஈரம் ஏறிடுச்சுன்னு அர்த்தம், மாத்திடுங்க. தண்ணிக்கு கிண்ணம் வேண்டாம், தாடிய முக்கி நெஞ்சு வரைக்கும் நனைச்சுக்கும், கொத்துனா சொட்டு விடுற நிப்பிள் குழாய் மாட்டுங்க. கீரி, மரநாய் தொல்லை உள்ள ஊர்னா கோழிவலை பத்தாது, பத்த வெச்ச கெட்டிக் கம்பிவலை (வெல்டு மெஷ்)தான்.

தீவனம் பெருசா ஒண்ணுமில்ல, முட்டைக்கோழிக்கான லேயர் தீவனம், குருணை, கம்பு, கீரை, ஓட்டுக்கு கொஞ்சம் கிளிஞ்சல் தூள். மழைக்காலத்துல மூட்டைக் கணக்குல வாங்கி வைக்காதீங்க, பூசணம் பிடிச்ச தீவனம் கோழி ஈரல கெடுத்துடும்.

நாட்டுக்கோழியோட சேத்து அடைக்காதீங்க. சில்க்கி மண்டை குமிழ் மாதிரி மேல எழும்பி இருக்கும், எலும்பும் அங்க வலு கம்மி. சேவல் ஒரு கொத்து கொத்துனா கழுத்து திருகிக்கிட்டு வானத்தப் பாத்துக்கிட்டே சுத்தும், பாக்கவே சங்கடமா இருக்கும். கண்ண மறைக்கிற முடிய கொஞ்சம் கத்தரிச்சு விடுங்க, பாதி நேரம் எதிர்ல வர்றது தெரியாமத்தான் கொத்து வாங்குது.

இனி குஞ்சுக்கு வருவோம். பெட்டை ஆறு ஏழு மாசத்துல முட்டை வைக்க ஆரம்பிக்கும், வருசத்துக்கு நூறு தேறுனா பெருசு, முட்டையும் சின்னது, 40 கிராம் தாண்டுறது கஷ்டம். முட்டைக்காக இத வளர்க்காதீங்க. ஒரு சேவலுக்கு நாலஞ்சு பெட்டை போதும், முட்டை கரு கூடலன்னா ரெண்டுக்கும் பின்பக்க முடிய கத்தரிச்சு விட்டுப் பாருங்க, எனக்கு பாதிக்கு மேல கூமுட்டையா போனது அதுக்கப்புறம்தான் நின்னுச்சு.

ஆனா அடைக்கு இத அடிச்சுக்க ஆளில்ல. பத்து பன்னெண்டு முட்டை வெச்சதும் படுத்துடும், கைய உள்ள விட்டா உடம்ப உப்பிக்கிட்டு உர்ருங்கும். ரெண்டு நாள் விடாம படுத்தா ராத்திரில தூக்கி அடைக்கூடைக்கு மாத்துங்க. கூடைல அடியில மணல், மேல வைக்கோல். ஆச்சி அதுக்குள்ள ஒரு கரித்துண்டும் ஒரு ஆணியும் போடுவா, இடி இடிச்சா முட்டை கெட்டுடுமாம், நான் எடுக்கிறதில்ல, கெடந்துட்டுப் போவுது. சில்க்கி முட்டைன்னா எட்டு, நாட்டுக்கோழி முட்டைன்னா அஞ்சு, அதுக்கு மேல அணைக்காது. முட்டை ஒரு வாரத்துக்கு மேல பழசா இருக்கக் கூடாது, வெச்ச தேதிய பென்சில்ல எழுதுங்க. தினம் ஒரு தடவ கோழி எறங்கி தின்னு தண்ணி குடிச்சு எச்சம் போடணும், சிலது பட்டினியாவே படுத்துக் கெடக்கும், நீங்கதான் தூக்கி எறக்கி விடணும். படுக்கறதுக்கு முன்னாடியே செள்ளு இருக்கான்னு றெக்கைக்கு அடியில பாத்துடுங்க. வயித்துப் பக்கம் நீளமா தொங்குற இழையையும் வெட்டிடுங்க, ஒரு தடவ அது குஞ்சு கழுத்துல நூல் மாதிரி சுத்திக்கிச்சு, நல்லவேளை பாத்தேன்.

இன்குபேட்டர்னா ஃபேன் உள்ளதுக்கு 37.5 டிகிரி, நாளுக்கு மூணு நாலு தடவ திருப்பணும், 18ஆம் நாளோட திருப்புறத நிறுத்தணும், 21ல பொரியும். ஈரப்பதம் மொத 18 நாள் 50ல இருந்து 55 சதவீதம், கடைசி மூணு நாள் 65க்கு மேலன்னு எல்லாரும் சொல்வாங்க. அத நம்பி ஜூலை மாசம் நான் தட்டு நிறைய தண்ணி ஊத்தி வெச்சேன். வெளிக் காத்துலயே அவ்வளவு ஈரம் இருக்கும்போது முட்டைக்குள்ள இருக்கிற தண்ணி வத்தாது, காத்துப் பை பெருசாகாது, குஞ்சு முழுசா வளந்து ஓட்டுக்குள்ளயே மூச்சு முட்டி செத்துடும். பதினாலுல ஒன்பது அப்படிப் போச்சு, ஒண்ண ஒடச்சுப் பாத்தா மூக்குல நீர் கோத்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப சாரல் சமயத்துல ஈரப்பத மீட்டரப் பாத்துட்டுதான் தண்ணி, பெரும்பாலும் 18ஆம் நாள் வரைக்கும் தட்டு காலிதான். 7, 14ஆம் நாள் ராத்திரி டார்ச் அடிச்சு அகண்ட முனைல காத்துப் பை வளருதான்னு பாருங்க, 7ல நரம்பு ஓடலன்னா எடுத்துடலாம்.

ஓட்டுல மொத கீறல் விழுந்தா ஒரு நாள் வரைக்கும் கைய கட்டிக்கிட்டு இருங்க. அவசரப்பட்டு உரிச்சா ரத்தம் வரும், நரம்பு இன்னும் ஓட்டோட ஒட்டித்தான் இருக்கும். மூடிய திறந்து திறந்து பாக்காதீங்க, திறந்தா ஈரம் போயி சவ்வு காஞ்சு குஞ்சு மேல ஒட்டிக்கும்.

குஞ்சுக்கு மொத வாரம் 35 டிகிரி சூடு, வாரத்துக்கு மூணு டிகிரியா குறைங்க. குஞ்சு எல்லாம் பல்புக்கு அடியில குமிஞ்சா சூடு பத்தல, ஓரத்துக்கு ஓடுனா அதிகம். கால் வெளங்காம போக வைக்கிற மாரெக்ஸ்ங்கற வைரஸ் நோய் இந்த இனத்த சீக்கிரம் புடிக்கும், அதுக்கு ஊசி பொரிச்ச அன்னிக்கே போடணும். வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழு நாளைக்குள்ள சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி, கால்நடை ஆஸ்பத்திரில கேளுங்க. ரத்தக்கழிச்சல் ஈரத் தரையில வர்றது, உமிய காய வெச்சாலே பாதி குறையும். ஆலப்புழா பக்கம் பறவைக்காய்ச்சல்னு சேதி வந்தா, 2021லயும் 2024லயும் வந்துச்சே, அந்த சமயத்துல அங்க இருந்து கோழியோ முட்டையோ கொண்டு வராதீங்க.

கடைசியா ஒண்ணு, நாலஞ்சு மாசம் ஆகாம சேவலா பெட்டையான்னு யாருக்கும் அடிச்சு சொல்லாதீங்க. தென்காசில இருந்து வந்த ஒரு அண்ணனுக்கு நான் மூணு மாசத்துல "ஜோடி"ன்னு சொல்லி குடுத்தேன். ரெண்டு மாசம் கழிச்சு போன் போட்டு பேசாம போன அப்படியே கூண்டுகிட்ட புடிச்சார், ரெண்டும் மாத்தி மாத்தி கூவுது.