வருமான வரி பாக்கி நோட்டீஸ் வந்தால் நம்பகமான ஆடிட்டரைப் பிடிப்பது எப்படி?

அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய சம்பள நிலுவை மொத்தமும் ஒரே வருடத்தில் கைக்கு வந்தது. வழக்கமாக ரிட்டர்ன் போட்டுத் தருபவர், நிலுவைச் சம்பளம் ஒரே வருடத்தில் வருவதால் கூடும் வரிக்குக் கிடைக்கும் பிரிவு 89 சலுகையை ரிட்டர்னில் காட்டினார். ஆனால் அதற்கான படிவம் 10இ-ஐத் தாக்கல் செய்யவில்லை. ரிட்டர்ன்களைச் சரிபார்க்கும் துறையின் பெங்களூரு மையமான சிபிசி சலுகையை மறுத்து, வரி பாக்கி என்று டிமாண்ட் அனுப்பியது. அடுத்த வருட ரீஃபண்ட் அதில் கழிந்த பிறகுதான் விஷயமே வீட்டுக்குத் தெரிந்தது. ஒரு நல்ல ஆடிட்டர் கிடைத்து இப்போது கணக்கு நேராகிவிட்டது. அந்த ஆளைத் தேடிய வழியைத்தான் கீழே எழுதுகிறேன். வருமான வரித் துறையின் போர்ட்டலில் நுழைவது, 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த, கட்டிய வரியின் பட்டியல்) இறக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஆளைத் தேடும் முன் நோட்டீஸைப் பாருங்கள்

முதலில் அது உண்மையான நோட்டீஸா என்று பார்க்க வேண்டும். 2019 அக்டோபர் முதல் துறை அனுப்பும் கடிதங்களில் டின் என்ற ஆவண எண் இருக்கும். போர்ட்டலின் முகப்பிலேயே நோட்டீஸைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது, லாகின் தேவையில்லை. அந்த எண் அங்கே தேறாவிட்டால், மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடவே வேண்டாம்.

அப்புறம், பாக்கி எந்த வகை என்று பாருங்கள். யாரிடம் போவது என்பது அதைப் பொறுத்தது.

வரி உண்மையிலேயே நீங்கள் கட்ட வேண்டியதுதான் என்றால் யாரும் தேவையில்லை. போர்ட்டலிலேயே கட்டிவிடலாம். மொத்தமாகக் கட்டப் பணம் இல்லையா? நோட்டீஸ் கிடைத்த 30 நாள் கெடுவுக்குள் உங்கள் வரி அதிகாரிக்கு எழுதித் தவணை கேட்கலாம், பிரிவு 220(3) அதற்குத்தான். கெடு தாண்டினால் மாதம் 1% வட்டி. தவணை கிடைத்தாலும் வட்டி ஓடும்.

டிடிஎஸ் (சம்பளம், வட்டி தருபவர் முன்பே பிடித்த வரி) பொருந்தாதது, படிவம் விட்டுப்போனது மாதிரி கணக்குப் பிழை என்றால் பிரிவு 154-இன் கீழ் திருத்த மனு. அரசுக் கட்டணம் கிடையாது. ஓரளவு அனுபவமுள்ள ஆடிட்டர் போதும்.

அதிகாரி உங்கள் வருமானத்தையே கூட்டிப் போட்டு உத்தரவு கொடுத்திருந்தால், அது மேல்முறையீட்டு விவகாரம். ரிட்டர்ன் மட்டும் போடுகிறவரிடம் இதைக் கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. டிமாண்டுக்குப் பதில் சொல்லும் பக்கத்தில் 'டிமாண்ட் சரி' என்று அவசரத்தில் அழுத்திவிட்டால், பிறகு அதே டிமாண்டை மறுத்துப் பதில் போட முடியாது. ஆள் கிடைக்கும் வரை அந்தப் பொத்தானுக்குப் போகாதீர்கள்.

படி 2: போர்டை நம்பாதீர்கள், எண்ணைக் கேளுங்கள்

நம் ஊரில் ரிட்டர்ன் போட்டுத் தருகிற எல்லாருக்கும் ஆடிட்டர் என்றுதான் பெயர். பட்டயக் கணக்காளர் (சிஏ) என்றால், அவர்களின் அமைப்பான ஐசிஏஐயின் உறுப்பினர் எண் இருக்கும். ஐசிஏஐ தளத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். உறுப்பினராக இருந்தால் மட்டும் போதாது, தொழில் செய்வதற்கான சான்றிதழும் இருக்க வேண்டும். வழக்கறிஞர் என்றால் பார் கவுன்சில் பதிவு எண். பதிவு பெற்ற வருமான வரி ஆலோசகர்களும் (இன்கம்டாக்ஸ் பிராக்டிஷனர்) சட்டப்படி உங்களுக்காக ஆஜராகலாம், அவர்களில் கெட்டிக்காரர்களும் உண்டு. ஆனால் தகராறு பெரிதாக இருந்தால் நான் பட்டயக் கணக்காளரிடம்தான் போவேன். தவறு நடந்தால் புகார் கொடுக்க ஐசிஏஐ என்று ஒரு இடம் இருக்கிறதே.

எண்ணைக் கேட்டால் கோபப்படுகிறவர் வேண்டாம். நாங்கள் கடைசியாகப் பிடித்தவர், கேட்டதும் விசிட்டிங் கார்டை நீட்டி "பார்த்துக்கோங்க சார்" என்றார்.

படி 3: முதல் பேச்சிலேயே தெரிந்துவிடும்

நல்லவர் முதலில் காகிதம் கேட்பார். சிபிசி ரிட்டர்னைச் சரிபார்த்து அனுப்பும் 143(1) உத்தரவு, 26ஏஎஸ், ஏஐஎஸ் (உங்கள் வருமானம் பற்றித் துறையிடம் உள்ள தகவல் பட்டியல்), சம்பளம் தந்தவர் கொடுக்கும் படிவம் 16. இவற்றைப் பார்க்காமலே "அதெல்லாம் எடுத்துடலாம், நமக்கு ஆபீஸ்ல ஆள் இருக்கு" என்று ஆரம்பித்தால், காபி குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். சிபிசி வேலையெல்லாம் கணினி வழியில் நடக்கிறது. அங்கே எந்த ஆளை இவர் பிடிப்பார்?

மேல்முறையீடு தேவைப்படுகிறவர்கள் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "அப்பீல் போட்டுட்டா வசூல் நின்னுடுமா?" நின்றுவிடும் என்று சொன்னால் அவருக்கு இந்த வேலை பழக்கமில்லை. அப்பீல் மனு வேறு, வசூலை நிறுத்தி வைக்கக் கேட்கும் மனு வேறு. இரண்டாவதற்கு அதிகாரியிடம் தனியாக எழுத வேண்டும். பொதுவாகத் தகராறில் உள்ள தொகையில் ஒரு பங்கைக் கட்டச் சொல்வார்கள்; 2017 ஜூலையில் மத்திய நேரடி வரி வாரியம் போட்ட குறிப்பாணையில் அது 20% என்று இருந்தது. இதைத் தானாகவே எடுத்துச் சொல்கிறவர் உண்மையிலேயே அப்பீல் நடத்தியவர்.

இன்னொரு வகை ஆட்களும் உண்டு. போலி நன்கொடை, போலி வீட்டு வாடகை காட்டி ரீஃபண்ட் வாங்கித் தந்து, அதில் சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். 2025 ஜூலையில் நாடு முழுக்க 150 இடங்களில் துறை சோதனை போட்டது இந்த மாதிரி வேலைக்காகத்தான். மாட்டினால் அபராதம் அவருக்கு மட்டும் போய்விடாது. ரிட்டர்ன் உங்கள் பெயரில் இருக்கிறது. தவறான தகவல் என்று முடிவானால், அதற்கான வரியில் 200% அபராதம்.

படி 4: பணம்

கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுத்தில் வாங்குங்கள். பதில் போட இவ்வளவு, திருத்த மனுவுக்கு இவ்வளவு, அப்பீல் என்றால் இவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். கட்டணத்தை முடிவைப் பொறுத்து வாங்குவது பட்டயக் கணக்காளர்களின் தொழில் விதிப்படி பொதுவாகத் தடை. 'குறைத்துத் தருகிற தொகையில் 10%' என்று கேட்டால் அங்கேயே சந்தேகப்படுங்கள். முதல் அப்பீலுக்கு அரசுக் கட்டணம் அதிகபட்சம் 1,000 ரூபாய்தான். அதற்கு மேல் அரசுக் கட்டணம் என்று கேட்டால் ரசீது கேளுங்கள்.

வரிப் பணத்தை மட்டும் யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து, போர்ட்டல் வழியாக, அந்த டிமாண்டுக்கு எதிராக நீங்களே கட்டி, சலானைச் சேமித்து வையுங்கள்.

படி 5: லாகின் (எங்களை அலைய வைத்த இடம்)

அப்பாவின் போர்ட்டல் கணக்கில் இருந்த மொபைல் எண்ணும் மெயிலும் பழைய ஆளுடையவை. அதனால் எல்லா நோட்டீஸும் அவருக்கே போனது. அவரோ மெயிலைத் திறப்பதே இல்லை. புது ஆடிட்டரிடம் போகும் முன் இந்தப் பூட்டை மாற்றியாக வேண்டும்.

பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று போட்டு, ஆதார் ஓடிபி வழியாக மாற்றலாம். பழைய ஆளின் தயவு தேவையில்லை. எங்களுக்குச் சிக்கல், அப்பாவின் ஆதாரில் எப்போதோ கைவிட்ட சிம் எண் இருந்தது. ஆதார் மையத்துக்குப் போய் அதை மாற்றி, பதிவு ஆகும் வரை காத்திருந்து, பிறகுதான் உள்ளே நுழைய முடிந்தது. உங்கள் ஆதாரில் எந்த எண் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். 30 நாள் கெடு ஓடும்போது இந்த வேலை வந்தால் வயிறு கலங்கும்.

உள்ளே போனதும் சுயவிவரப் பக்கத்தில் முதன்மை மொபைல், மெயில் இரண்டையும் உங்களுடையதாக மாற்றுங்கள். ஆடிட்டருடையதை இரண்டாவதாகச் சேர்த்தால் போதும். கூடவே வால்ட் என்ற கூடுதல் பாதுகாப்பையும் போட்டுவிடுங்கள். அதில் ஆதார் ஓடிபியைத் தேர்ந்தெடுத்தால், அது இல்லாமல் பாஸ்வேர்டு மட்டும் வைத்து யாரும் நுழைய முடியாது. ஆடிட்டருக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி சொல்வது தொல்லைதான், இருந்தாலும் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. அவர் எப்போது உள்ளே போகிறார் என்று நமக்குத் தெரிகிறது. எதைத் தாக்கல் செய்தாலும் ஒப்புகை எண்ணையும் பிடிஎஃப் நகலையும் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: துபாயில் இருக்கும் ஒருவர், ஆதார் இல்லாதவர் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். பான் இணைத்த வங்கிக் கணக்கு இருந்தால் நெட்பேங்கிங் வழியாகவே போர்ட்டலுக்குள் போகலாம்.

பின்சேர்க்கை 2: 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. நான் சொன்ன பிரிவு எண்கள் 1961 சட்டத்தினுடையவை. பழைய ஆண்டுகளுக்கான நோட்டீஸ் அந்தச் சட்டப்படியே நடக்கும். ஆடிட்டரிடம் போகும்போது எந்த மதிப்பீட்டு ஆண்டு என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.