ஸ்டீராய்டு மாத்திரையால் மனம் தடுமாறும்போது வீட்டார் செய்யும் தவறுகள்

லூபஸ் நோயால் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) ஆறு மாதமாக முடங்கிக் கிடந்த அம்மா, ஸ்டீராய்டு தொடங்கிய ஐந்தாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பரணைக் காலி செய்து, பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருக்கிறார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "மருந்து நல்லா கேக்குது" என்கிறார்கள். முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல் இருப்பது, நிறுத்தாமல் பேசுவது, ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவது, திடீரெனச் செலவில் இறங்குவது ஆகியவை மனம் தடுமாறத் தொடங்கியதற்கான அறிகுறிகள். இந்தக் கட்டத்திலேயே மருத்துவரை அழைத்தால் பெரும்பாலும் எளிதில் சமாளிக்கலாம். ஒரு வாரம் விட்டால் அதே அம்மா, பக்கத்து வீட்டுக்காரர் சோற்றில் விஷம் வைத்துவிட்டார் என்று சொல்லிச் சாப்பிட மறுக்கலாம்.

"எங்க குடும்பத்துல யாருக்குமே மனநோய் கிடையாதே" என்று தள்ளிப்போடாதீர்கள். இந்தத் தடுமாற்றம் வருமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது மருந்தின் அளவு. 1972இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், நாளொன்றுக்கு 40 மி.கி. வரை பிரட்னிசோன் (நம்மூர் பிரட்னிசோலோனுக்கு மி.கி.க்கு மி.கி. சமமான ஸ்டீராய்டு) எடுத்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்கு மனப் பாதிப்பு வந்தது. 41 முதல் 80 மி.கி. வரை எடுத்தவர்களில் அது 4.6 சதவீதம், 80 மி.கி.க்கு மேல் 18.4 சதவீதம். பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கும்.

அளவைக் கணக்கிடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்டீராய்டுகளின் மி.கி. ஒன்றுக்கொன்று சமமல்ல. 5 மி.கி. பிரட்னிசோலோன் (வைசலோன், ஆம்னகார்டில் என்று கடையில் கிடைப்பது), 4 மி.கி. மெத்தில்பிரட்னிசோலோன், 6 மி.கி. டெஃப்ளாசகார்ட், வெறும் 0.75 மி.கி. டெக்ஸாமெதசோன் ஆகிய நான்கும் ஒரே வலுவுள்ளவை. "எட்டு மி.கி. டெக்ஸாதானே" என்று நினைத்தால், அது 50 மி.கி.க்கு மேற்பட்ட பிரட்னிசோலோனுக்குச் சமம். இன்னொரு குழப்பம் அட்டையில் வரும். சீட்டில் 40 மி.கி. என்று இருக்க, 10 மி.கி. அட்டையிலிருந்து நான்கு மாத்திரை போட்டுப் பழகியிருப்பார்கள். அடுத்த முறை கடைக்காரர் 20 மி.கி. அட்டையைக் கொடுக்க, பழக்கத்தில் அதே நான்கு உள்ளே போகும். மொத்தம் 80 மி.கி. மாத்திரை எத்தனை என்பதோடு ஒவ்வொன்றும் எத்தனை மி.கி. என்பதையும் பாருங்கள்.

பயத்தில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது இருப்பதிலேயே ஆபத்தான தவறு. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி, உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் தன் வேலையைக் குறைத்துவிடும். மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தவர் திடீரென விட்டால் வாந்தி, கடும் சோர்வு, ரத்த அழுத்தம் சரிதல் என்று உயிருக்கே உலை வைக்கும். திடீர் நிறுத்தமே மனச்சோர்வையும் குழப்பத்தையும் கொண்டுவரலாம். போதாததற்கு, எந்த நோய்க்காகக் கொடுத்தார்களோ அதுவும் தலைதூக்கும். லூபஸ் மூளையைத் தாக்கினாலும் இதே மாதிரி நடத்தை மாற்றம் வரும். அப்போது ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டியிருக்கலாம். எது எது என்பதை வீட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது, மாத்திரை எழுதிய மருத்துவரை அன்றே அழைப்பது. "அம்மா ஒரு மாதிரி இருக்காங்க" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. "60 மி.கி. பிரட்னிசோலோன், ஒன்பதாம் நாள், மூன்று இரவாக இரண்டு மணி நேரத் தூக்கம், நேற்றிலிருந்து குரல் கேட்கிறது என்கிறார்" என்று சொல்லுங்கள். நோய் அனுமதித்தால் அவர் படிப்படியாகக் குறைப்பார். இரவு வேளை மாத்திரை இருந்தால், காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே வேளையாக மாற்றலாமா என்று கேளுங்கள். வேறு என்னென்ன மாத்திரை போகிறது என்பதையும் மறைக்காதீர்கள். படர்தாமரைக்கு வாங்கிய இட்ராகோனசோல், சளிக்கு வாங்கிய கிளாரித்ரோமைசின் போன்றவை ஸ்டீராய்டை, குறிப்பாக மெத்தில்பிரட்னிசோலோனையும் டெக்ஸாமெதசோனையும், உடம்பிலேயே தேங்க வைக்கும்.

நாள், கிழமை, இடம் தெரியாமல் உளறுகிறார், காலையில் தெளிவாகவும் மாலையில் மோசமாகவும் இருக்கிறார் என்றால் உடனே சர்க்கரையைக் குத்திப் பாருங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். தொற்று இருந்தாலும் காய்ச்சலை மூடி மறைக்கும். "மருந்தோட வேலைதான்" என்று உட்கார்ந்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வீட்டுக்குள் வாதாடாதீர்கள். கேமரா வைத்து வேவு பார்க்கிறார்கள் என்பவரிடம் "அப்படியெல்லாம் இல்லவே இல்லை" என்றால் நீங்களும் எதிரியாகிவிடுவீர்கள். "ஆமாம்" என்றாலோ பயம் இறுகும். "உங்களுக்குப் பயமா இருக்குன்னு தெரியுதும்மா, நான் இங்கேயேதான் இருக்கேன்" என்பது போதும். ஒரே ஆள் பேசட்டும். மற்றவர்கள் டிவியை அணைத்துவிட்டுச் சற்று விலகி இருக்கட்டும். வண்டிச் சாவி, ஏடிஎம் கார்டு, பணம் அனுப்பும் செயலி உள்ள போன், மருந்து அட்டைகள் எல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும். மாமாவின் தூக்க மாத்திரையில் பாதி கொடுத்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். வயதானவர்களுக்குக் குழப்பம் கூடும், மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கு மூச்சே தடுமாறும்.

சாவதைப் பற்றிப் பேசினாலோ, குரல் கட்டளையிடுகிறது என்றாலோ, தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ 108. இரவில் ஆலோசனை மட்டும் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, தமிழிலேயே பேசலாம். "மனநல மருத்துவமனைதான் சேர்த்துக்கொள்ளும்" என்பது தவறு. உயிராபத்து இருந்தால் எந்தப் பதிவுபெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தர 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இடம் கொடுக்கிறது.

மனநல மருத்துவர் ஓலன்சபின் போன்ற, மனக் கொந்தளிப்பைத் தணிக்கும் மருந்தைச் சிறிய அளவில் எழுதினால், மூன்று நாள் நன்றாகத் தூங்கியதும் அதை நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டீராய்டு இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்பது மறந்துவிடுகிறது. ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமோ என்ற பயமும் பெரும்பாலும் வீண். ஸ்டீராய்டு குறைந்த பின் உளறல் சில நாட்களிலும், மிகை உற்சாகம் ஏறக்குறைய மூன்று வாரத்திலும், மனச்சோர்வு நான்கு வாரத்திலும் பொதுவாக அடங்கும். ஓலன்சபினும் சர்க்கரையை ஏற்றக்கூடியது என்பதால் பரிசோதனையை விடாதீர்கள். குறைத்துவரும் நாட்களில் அவர் அமைதியாகிவிட்டார் என்று காவலைத் தளர்த்தவும் கூடாது. அந்த அமைதி சோர்வாகவும் இருக்கலாம்.

எல்லாம் ஓய்ந்த பிறகு நடக்கும் ஒரு தவறு உண்டு. "ஸ்டீராய்டு ஒத்துக்காது, அலர்ஜி" என்று கோப்பில் எழுதச் சொல்லிவிடுவார்கள். நாளைக்குக் கடும் ஆஸ்துமாவில் உயிர் காக்கும் ஊசியைப் போடவே மருத்துவர் தயங்குவார். பக்கவிளைவு என்றே எழுதச் சொல்லுங்கள்: மருந்தின் பெயர், நாளொன்றுக்கு எத்தனை மி.கி., எத்தனையாம் நாள் தொடங்கியது, என்ன நடந்தது, எதைக் கொடுத்து எத்தனை நாளில் அடங்கியது. அதே விவரங்களை 1800-180-3024 என்ற மருந்துக் கண்காணிப்பு எண்ணில் நீங்களே பதிவும் செய்யலாம்.